பொட்டு வைத்த ஸ்கேல்

கம்பெனியின் வெள்ளி விழா மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "இனிமையான நினைவுகளாக இருக்கட்டும்" என்று கடிதத்தில் அச்சடித்தே அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு போட்டோவும் கேட்டிருக்கிறார்கள். கோட்டுப் போட்ட போட்டோவாக இருந்தால் நல்லதாம். என்னிடம் கோட்டு கிடையாது. இனிமையான நினைவும் இந்த வருஷம் கைவசம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்கவில்லை என்றால் தாளை மடித்துப் போடுங்கள், நினைவை மடிக்கச் சொல்லாதீர்கள்.

இந்தக் கோபம் எனக்குப் போன ஆயுத பூஜை அன்றைக்கு வந்தது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அது எங்கே படுத்திருந்தது என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பூஜைக்கு ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிடுவது நம் கம்பெனியில் வழக்கம். நானும் விபூதி இட்டுக்கொண்டு பொன்னேரியிலிருந்து ரயிலேறி கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போனேன். பூஜை முடிந்து பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். டிசைன் பிரிவில் இப்போது இருக்கும் நித்யா என்கிற இன்ஜினியர் பெண், "சார், உங்க காலத்து ஃபைல் ஒண்ணு பழைய சர்வர்ல கெடச்சிது, பாக்கறீங்களா?" என்று தன் கம்ப்யூட்டர் பக்கம் கூட்டிப் போனாள்.

திரையில் படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் ஒரு சின்னத் தட்டு. அதைத் தாங்க நான்கு மெல்லிய கால்கள். காலின் ஒரு முனை தட்டோடும் மறு முனை ஓரத்தோடும் அசையாமல் ஒட்டியிருக்கும். அதிர்வு வந்தால் தட்டு ஆடும், கால் வளையும். எவ்வளவு ஆடியது என்பதை மின்சாரமாக மாற்றிச் சொல்வதுதான் நம் சென்சார். எட்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்த முகம் அது.

"முழு இழுப்புல இது எவ்ளோ நகரும், சொல்லுங்க சார்" என்றாள்.

"பத்து மைக்ரான்" என்றேன். யோசிக்கவே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் சிரித்தாள். "இந்த டிக் இல்லாம கணக்கை ஓட்டினா பத்து. டிக் போட்டு ஓட்டறேன், பாருங்க."

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக் போட்டாள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. கால்கள் வளைந்தன, நின்றன. கீழே எண் வந்தது. நாலு புள்ளி எட்டு மூன்று.

"இன்னாம்மா அந்த டிக்கு?"

"பெரிய அசைவுன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்றது சார். கொஞ்சமா வளையறப்போ ரெண்டு மடங்கு இழுத்தா ரெண்டு மடங்கு நகரும். ஆனா கால் தன்னோட அகலத்துக்கு மேல நகர ஆரம்பிச்சா வளையறது மட்டும் இல்ல, நீளவும் செய்யணும். ரெண்டு முனையும் கட்டிப் போட்டிருக்கே, எப்பிடி நீளும்? விறைச்சிக்கும். அதையும் சேத்துக் கணக்குப் போடுன்னு சொல்றதுக்குத்தான் இந்த டிக்."

"அந்தக் காலத்துல இந்தக் கட்டம் இருந்துச்சா?"

"இருந்துச்சே. இந்த ஃபைல்லயே இருக்கு. போடாம உட்டுருக்காங்க. அப்பல்லாம் மிஷின் ஸ்லோ இல்ல? ரன் ஆக ராத்திரி பூரா ஆவும்னு உட்டுருப்பாங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பொரிப் பொட்டலத்தை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த கோமதி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொன்ன எண் அது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது, அதற்கு மேல் ஐ.டி.ஐ. ஃபிட்டர். காக்களூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளில் பதினைந்து வருஷம் எண்ணெயும் இரும்புத் தூளுமாக இருந்தேன். பிறகு இந்தக் கம்பெனியில் சுத்த அறைக்கு ஆள் எடுத்தார்கள். கை நடுங்காதவன் வேண்டும் என்றார்கள், எனக்கு நடுங்காது. இரும்பை அடித்தவனை முடியைவிட மெல்லிய பொருளைத் தொட வைத்த அதிசயம் முருகன் கொடுத்தது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அந்தக் கையை வைத்து நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வேலை இப்படி. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை. விபூதியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூள் உதிரும். முதலில் எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, பிறகு கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டு உட்காரப் பழகினேன். தட்டிலிருந்து ஒரு பீஸை எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்க வேண்டும். மின்சாரம் ஏற்றுவதற்காக இரண்டு ஊசிகளை இறக்கி, அதன் ஓரத்தில் காது மாதிரி இருக்கும் இரண்டு இடங்களில் தொட வேண்டும். அழுத்தினால் போச்சு. அதற்கப்புறம் பக்கத்தில் உள்ள பெட்டியைத் திருப்ப வேண்டும். பெட்டியில் பத்துப் படி. ஒவ்வொரு படிக்கும் இழுப்பு ஒரே அளவு கூடும். தட்டு பக்கவாட்டில் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று மைக்ரான். அந்தக் காலின் அகலமே நாலு மைக்ரான்தான்.

கணக்குப்படி ஒரு படிக்கு ஒரு மைக்ரான். பத்தாம் படியில் பத்து.

இதில் பத்துப் படியும் யாரும் அளந்ததில்லை. முதல் படி, இரண்டாம் படி, அவ்வளவுதான். முதல் படியில் ஏறக்குறைய ஒன்று வரும். இரண்டாம் படியில் இரண்டுக்குக் கால் மைக்ரான் குறையும். கண்ணின் தவறு என்று விட்டுவிட்டு இரண்டு என்றே புள்ளி வைப்போம். பிறகு இரும்பு ஸ்கேலை எடுத்து இரண்டு புள்ளியையும் சேர்த்து வரைபடத்தின் கடைசி வரை ஒரு கோடு. கோடு பத்தாம் படியில் எங்கே முட்டுகிறதோ அதுதான் 'முழு அசைவு' என்ற கட்டத்துக்குள் போகும். எங்களுக்குள் அதற்குப் பெயரே 'கோடு இழுக்கிறது'. "இன்னிக்கு எவ்ளோ இழுத்த?" என்று கேண்டீனில் கேட்டுக்கொள்வோம். வாடிக்கையாளருக்குப் போகிற தாளில் அது 'அளந்தது' என்று போகும்.

இந்த வழக்கத்தைக் கொண்டு வந்தவர் டிசைன் மேனேஜர். மனோகர் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள்; உண்மைப் பெயரை எழுதினால் நீங்கள் அச்சடிக்க மாட்டீர்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் 'தயவுசெய்து' வரும். காலையில் வந்ததும் மூக்குக் கண்ணாடியை மூன்று தரம் துடைப்பார், பேனாக்களை உயரப்படி அடுக்குவார். "நேர்கோடு நேர்கோடுதான் முருகேசன். ரெண்டு புள்ளி போதும். மீதி எட்டு ரீடிங் எடுக்கறது நேரம் வேஸ்ட், பீஸும் ஒடையும். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுத்தானே உங்க கையில குடுக்கறேன்?" என்பார். அவர் படித்தவர். அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

ஆனால் ஒன்று. எட்டு வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நான் பார்க்கவில்லை. கண்ணாடி போட்டிருப்பதால் சரியாகத் தெரியாது என்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குச் சொல்ல எங்களில் யாருக்கு வாய் இருந்தது?

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான்தான் மைக்ராஸ்கோப்பின் பீடத்துக்குச் சந்தனம் வைப்பேன். அதன் பக்கத்தில் அந்த இரும்பு ஸ்கேலையும் கழுவித் துடைத்து வைத்துக் குங்குமப் பொட்டு வைப்பேன். சோறு போடுகிற கருவி அல்லவா? கற்பூரம் காட்டி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பொய் சொன்ன ஸ்கேலுக்குப் பொட்டு வைத்திருக்கிறேன். எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

கோமதி வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண், ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிளஸ் டூ. முகமூடிக்கு மேல் இரண்டு கண்தான் தெரியும், அந்தக் கண்ணே வாயாடும். "இன்னாண்ணா, உன் முருகன் மைக்ராஸ்கோப்புக்குள்ளதான் குடியிருக்காரா? தெனம் கும்புட்டுக்கினு உக்கார்ற?" என்பாள். கையோ, அப்படி ஒரு கை. ஊசி இறக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாள். அவள் தொட்டு ஒரு பீஸ் உடைந்து நான் பார்த்ததில்லை. நானே மாசத்துக்கு இரண்டு உடைப்பேன்.

ஒரு நாள் நாஷ்டா இடைவேளை முடிந்து உட்கார்ந்தபோது கூப்பிட்டாள்.

"ண்ணா, இங்க வாயேன். பத்தாவது படியில இது இன்னா காட்டுதுன்னு பாரு."

"பத்து காட்டும். கோடு இழுத்துட்டு அடுத்ததை எடும்மா."

"நீ எப்பனா பாத்துக்கிறியா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். பெட்டி பத்தில் இருந்தது. தட்டு நகர்ந்திருந்தது நாலு புள்ளி எட்டு. லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நாலு புள்ளி எட்டு. வேறு பீஸ் வைக்கச் சொன்னேன். நாலு புள்ளி ஏழு. இன்னொன்று, நாலு புள்ளி ஒன்பது. அவள் தன் நோட்டில் பத்துப் படிக்கும் எழுதி வைத்திருந்தாள். ஐந்தாம் படியில் மூன்று புள்ளி மூன்று. அதற்கு மேல் நொண்டி நொண்டி ஏறுகிறது. கோடு நேராக இல்லை, தலை கவிழ்ந்து வளைந்திருந்தது.

இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

நோட்டோடு அவளை மனோகர் சார் மேஜைக்குக் கூட்டிப்போனது நான்தான். அதுவரைக்கும் நான் மனுஷனாக இருந்தேன். அவர் நோட்டை வாங்கி, பேனாவை அதன் மேல் நேராக வைத்துவிட்டு, "தயவுசெய்து சொல்லும்மா" என்றார்.

"சார், எங்க நைனா ஏரியில ரெண்டு கம்பம் நட்டு நடுவுல கயிறு கட்டுவாரு. கயித்தைப் புடிச்சி நடுவுல இழுத்தா மொதல்ல லேசா வரும். அப்பறம் எவ்ளோ தம் கட்னாலும் வராது. ரெண்டு பக்கமும் கட்டிக்கினு இருக்குதில்ல? இதுவும் அப்பிடித்தான் சார் இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "இது மீன் வலை இல்லம்மா. சிலிக்கான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் வாயிலிருந்துதான் வந்தது.

கம்ப்யூட்டர் பத்து சொல்கிறது, முருகேசன் எட்டு வருஷமாகப் பத்து எழுதுகிறார், நீ மட்டும் நாலு புள்ளி எட்டு என்றால் உன் ஊசி அழுத்தத்தில் கோளாறு என்றார். இனி எல்லோரையும் போல இரண்டு புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொன்னார். அவள், "அளக்காததை அளந்தேன்னு எப்பிடி சார் கையெழுத்துப் போடறது?" என்றாள். "அப்பிடியா" என்றார் அவர். அவர் 'அப்பிடியா' என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள். அந்த லாட்டின், அதாவது ஒரே தொகுதியாக வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பீஸ்களின், தாள்களை என்னிடம் தள்ளினார். நான் ஸ்கேலை எடுத்தேன். நானூறு தாள். நானூறிலும் பத்து.

அதுவரை நம் சென்சாரை வாங்கியவர்கள் சின்ன அதிர்வுக்குத்தான் பயன்படுத்தினார்கள். மோட்டார் ஓடுகிறது, லேசாக உதறுகிறது, அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அங்கே முதல் ஒரு மைக்ரானுக்குள் வேலை முடிந்துவிடும். யாருக்கும் குறை தெரியவில்லை. இந்த லாட்டை வாங்கியவர்கள் கிரேனுக்கு வாங்கினார்கள். பாரம் தூக்கும்போது பெரிய குலுக்கல் வந்தால் காட்ட வேண்டும். குலுக்கல் வந்தது, நம் சென்சார் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. முருகன் புண்ணியத்தில் கீழே யாரும் நிற்கவில்லை. லாட் முழுக்கத் திரும்பி வந்தது.

விசாரணை வைத்தார்கள். பிளான்ட் தலைவர், மனிதவளப் பிரிவு அம்மா, மனோகர் சார். எதிரில் கோமதி. ஓரத்தில் நான்.

மனோகர் சார் கேஸை எவ்வளவு அழகாகக் கட்டினார் தெரியுமா? டிசைன் சரி, கம்ப்யூட்டர் தாள் இதோ. அளவும் சரி, முருகேசன் அளந்த தாள் இதோ, நானூறிலும் பத்து. ஆனால் இந்தப் பெண்ணின் நோட்டில் மட்டும் நாலு புள்ளி எட்டு. ஆகவே இவள் கையில் கால்கள் வளைந்து கெட்டிருக்கின்றன. கெட்டதை அளந்து அவளே எழுதியும் வைத்திருக்கிறாள். அவளுடைய உண்மையை எடுத்து அவளுக்கே குற்றமாக மாட்டினார். அதற்கு ஆணி அடித்தது என் தாள்.

பிளான்ட் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "முருகேசன், இந்த நானூறும் நீங்க அளந்ததுதானே?"

மனோகர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றேன்.

மூத்த பெண்ணுக்கு நிச்சயம் ஆன மாசம் அது. அதைக் காரணமாக எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. எல்லார் வீட்டிலும்தான் பெண் இருக்கிறது. கோமதியும் ஒரு வீட்டுப் பெண்தான்.

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியேண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார்கள். மூன்று கட்டம். பொருள் குறை, வடிவமைப்புக் குறை, கையாள்வோர் தவறு. மூன்றாவதில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அவளுக்குக் கொடுத்த கடிதத்தில் 'கவனமற்ற கையாளுகை' என்று எழுதியிருந்தார்கள். நம் தொழிலில் அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற டெக்னீஷியன்களுக்குத் தெரியும். கை சரியில்லை என்று ஒருத்தியைப் பற்றி எழுதிவிட்டால் இந்த எஸ்டேட் முழுக்க எந்தச் சுத்த அறையும் அவளுக்குத் திறக்காது.

இதோடு முடிந்திருந்தால் எல்லோரும் அறியாமல் தவறினோம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். ஆறு மாசம் கழித்துப் புது வரைபடம் வந்தது. நான்கு கால்களையும் கொண்டை ஊசி மாதிரி மடித்திருந்தார்கள். கட்டிப்போட்ட முனை இல்லை. மடிந்த முனை அசைந்து கொடுக்கும், அதனால் கால் விறைக்காது. பத்தாம் படியில் நிஜமாகவே பத்து வந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்படியென்றால் அந்த மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது! மீன் வலை என்று சிரிப்பு மூட்டிய அதே கயிற்றுக் கதையைப் புரிந்துகொண்டுதான் காலை மடித்திருக்கிறார். தெரிந்த பிறகும் அந்தப் பெண்ணின் கடிதத்தைத் திருத்த ஒரு வரி எழுதவில்லை. புது வடிவமைப்புக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் 'குழு முயற்சி' என்றார். லட்டு கொடுத்தார்கள். நான் தின்றேன்.

அவர் இன்றைக்கு வேறு ஊரில் பெரிய பதவியில் இருக்கிறார். வெள்ளி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று உங்கள் அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறீர்கள். வரட்டும். மேடையில் ஒரு மைக்ராஸ்கோப் வையுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தரம் பார்க்கட்டும்.

எனக்கு ஓய்வு கொடுத்த அன்று அந்த இரும்பு ஸ்கேலை, கடைசிப் பூஜைக்கு நான் வைத்த பொட்டோடேயே, கண்ணாடிச் சட்டத்தில் பதித்துப் பரிசாகக் கொடுத்தீர்கள். 'துல்லியத்தின் அடையாளம்' என்று அடியில் எழுதியிருந்தது. பூஜை அறைச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நின்றேன், வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. அவனிடம் என்ன சொல்வது? அவனும் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவன்தானே. அர்ச்சனைத் தட்டை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு ஆரம்பாக்கம் போனேன்.

ஊரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கோமதிதான் கதவைத் திறந்தாள். தலையில் இரண்டு நரை. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாண்ணா. இன்னா இவ்ளோ தொலைவு? உக்காரு. நாஷ்டா துன்னியா?"

அவள் கதவைச் சாத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையாம். பன்னிரண்டு வருஷமாக அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள், அந்தக் கையால்.

நித்யா, பழைய ஃபைல், டிக், எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இப்ப இன்னா நம்பர் காட்டுது?"

"நாலு புள்ளி எட்டு மூணு."

உடனே சொன்னாள்: "நான் நாலு புள்ளி எட்டுன்னுதான் எழுதனேன். அந்த மூணு நம்ம மைக்ராஸ்கோப்புல தெரியாதுண்ணா."

பன்னிரண்டு வருஷம் கழித்து, டேப் ஒட்டுகிற வேலையிலிருந்து, தன் அளவில் விட்டுப்போன கடைசி இலக்கத்துக்கு எனக்குக் கணக்குச் சொல்கிறாள். நான் உடைந்துவிட்டேன்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"மன்னிப்பெல்லாம் உன் முருகங்கிட்ட கேட்டுக்கோ. நான் இன்னா சாமியா?" என்றாள். குரல் உயரவில்லை. "வேலை போனது போவட்டும்ண்ணா. எங்க வூட்டாண்டையே கேட்டாங்க, அவ்ளோ காஸ்ட்லி சாமானை ஒடச்சிட்டியாமேன்னு. எங்க நைனா சாவற வரைக்கும் கேட்டாரு. என் கை கெட்ட கைன்னு எழுதிக் குடுத்தீங்க இல்ல? அத்த மாத்திக் குடு. என் பேரைப் போட்டு எழுதிக் குடு. மறைச்சி கிறைச்சி எழுதாத."

மறுநாளே கம்பெனிக்குப் போனேன். மனிதவளப் பிரிவில் இப்போது இருப்பவர் நல்ல பிள்ளைதான், நாற்காலி போட்டார். அந்த ஃபைலெல்லாம் அழித்தாகிவிட்டது என்றார். ஃபைல் இல்லாததைத் திருத்த வழி இல்லையாம். "வெள்ளி விழா நேரம் சார், இப்ப போயி நெகட்டிவா எதுக்கு?" என்றார். படிவத்தை அழித்துவிட்டீர்கள். அவளிடம் கொடுத்த கடிதம் மட்டும் அவள் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதை யார் அழிப்பது?

அதனால்தான் இந்த மலருக்கு எழுதுகிறேன். உங்கள் கம்பெனியில் என் பெயருக்கு என்று ஒதுக்கியிருக்கிற ஒரே தாள் இப்போது இதுதான். அச்சடிப்பதென்றால் முழுக்க அச்சடியுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். நகல் எடுத்து எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாக நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

போட்டோ கேட்டிருந்தீர்கள். என் மூஞ்சி வேண்டாம். சட்டத்தோடு அந்த ஸ்கேலைக் கழற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன், அதைப் படம் பிடித்துப் போடுங்கள். பூஜை அறைச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. பொட்டை நான் அழிக்கவில்லை. நான் வைத்த பொட்டு, ஊர் பார்க்கட்டும்.

கடைசியாக, நம் சோதனைத் தாளில் எழுதுகிற மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். இந்த முறை கோடு இழுக்கவில்லை.

முழு அசைவு: நாலு புள்ளி எட்டு மைக்ரான்.
அளந்தவர்: கோமதி, ஆரம்பாக்கம்.
கை: குறை இல்லை.
கண்ணால் பார்த்துவிட்டுப் பத்து என்று எழுதியவர்: முருகேசன், பொன்னேரி.